நைரோபி வரை கொண்டுபோன சொல்

பொம்மிடி ஸ்டேஷனுக்கு இரண்டு பக்கமும் உள்ள ஐந்து மைல் தண்டவாளம் கிருஷ்ணப்பனின் பொறுப்பு. அவர் கேங் மேஸ்திரி. நான்காம் வகுப்புவரை படித்து, பதினாறு வயதில் சம்மட்டி தூக்கும் ஆளாகச் சேர்ந்து, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலில் மேஸ்திரி ஆனவர். விடிந்ததும் சுத்தியலோடு கிளம்பி ஒவ்வொரு இணைப்பாகத் தட்டிக்கொண்டே போவார். எங்காவது தளர்ந்திருந்தால் சத்தத்திலேயே தெரிந்துவிடும். ஒருநாள் காய்ச்சலோடு போனவர், பாதி வழியில் எதுவரைக்கும் தட்டினோம் என்பது மறந்துபோய், திரும்ப முதல் இணைப்புக்கே வந்து ஆரம்பித்தார் என்று அவருடைய ஆட்கள் சொல்லிச் சிரிப்பார்கள். அது அவர் காதுக்கும் வரும். அவருக்கு அதில் கோபமில்லை, பெருமைதான்.

வீட்டு விஷயங்களிலும் அவர் அப்படித்தான். எந்தச் சடங்குக்கு எது முன்னால், எது பின்னால், யார் எந்தப் பக்கம் நிற்கவேண்டும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். சுற்று வட்டாரத்து உறவுக்காரர்கள் வீட்டில் கல்யாணமோ சாவோ என்றால் முதலில் அவரைக் கூப்பிடத்தான் ஆள் வரும்.

தம்பி சென்றாயன் அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவன். அப்பா இறந்தபோது அவனுக்கு ஐந்து வயது. அதற்குப் பிறகு அவனைக் குளிப்பாட்டியது, பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டது, அடித்தது, அழுகையைத் துடைத்தது எல்லாம் கிருஷ்ணப்பன். படிப்பு அவனுக்கு ஏறவில்லை. ஆனால் கையில் ஊசி கொடுத்தால் போதும். கூட்ஸ் ஷெட்டில் புளி மூட்டை வேகன்கள்மேல் போடும் தார்ப்பாய்கள் கிழிந்து வரும். அவற்றைத் தைக்கிற கிழவரோடு உட்கார்ந்து பழகிக்கொண்டான். அவன் போட்ட தையல் எது, மற்றவர் போட்டது எது என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடலாம். முப்பத்தொன்பதில் அவனுக்கு வத்தல்மலை அடிவாரத்திலிருந்து தீர்த்தம்மாளைக் கிருஷ்ணப்பன் கட்டிவைத்தார். நாற்பத்தொன்றில் ஒரு கங்காணி, கப்பலில் பாய்த்துணி தைக்கிற வேலை இருக்கிறது என்று சொல்லி, அவனை மெட்ராசுக்குக் கூட்டிக்கொண்டு போனான். கிருஷ்ணப்பனே ஸ்டேஷனுக்கு வந்து வழியனுப்பினார். கடல் தாண்டுகிற முதல் ஆள் எங்கள் வீட்டில் என்று ஆட்களிடம் சொல்லிக்கொண்டார்.

அடுத்த வருஷம் சித்திரையில் அந்தக் கப்பலை ஜப்பான்காரர்கள் மூழ்கடித்துவிட்டார்கள். ஆடியில் கம்பெனிக் கடிதம் வந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் படித்துச் சொன்னார். கப்பல் போய்விட்டது, ஆள்களில் சிலர் தப்பினார்கள், சென்றாயன் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை.

ஆறு மாதம் பார்த்தார்கள். ஒரு தகவலும் இல்லை. உடம்பு கிடைக்காமல் போனவனுக்கு வைக்கோலால் ஆள் செய்து எரித்து, பதினாறாம் நாள் கருமாதி செய்வது அந்தப் பக்கத்து வழக்கம். வருஷம் திரும்புவதற்குள் செய்துவிட வேண்டும், இல்லாவிட்டால் போனவன் தண்ணீருக்கு ஏங்கிக்கொண்டே அலைவான் என்று பெரியவர்கள் சொன்னார்கள். கிருஷ்ணப்பனுக்கும் அது சரியென்றே பட்டது. வளர்த்த பிள்ளை தாகத்தோடு அலைவதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. தீர்த்தம்மாள் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. அவருடைய உடம்பை யார் கண்ணால் பார்த்தது என்று கேட்டாள். இருபத்தொரு வயதுப் பெண் சொல் அந்த வீட்டில் எடுபடவில்லை.

மாசி மாதம் ஏரிக்கரையில் வைக்கோல் ஆளுக்குக் கிருஷ்ணப்பனே கொள்ளி வைத்தார். எல்லாம் முறைப்படி நடந்தது. பதினோராம் நாள், ஒரு புதன்கிழமை, மத்தியானப் பாசஞ்சர் போன பிறகு, தபால்காரர் பச்சியப்பன் வந்தார். பந்தலுக்கு வெளியிலேயே நின்று, ஒரு உறையை உயர்த்திக் காட்டினார்.

கிருஷ்ணப்பன் பந்தலுக்குள் இருந்தபடியே பார்த்தார். உறையின் ஒரு மூலை இல்லை.

மூலை கிழிந்து வருகிற கடிதம் சாவுக் கடிதம். வாசலுக்கு வெளியே நின்று படித்து, அங்கேயே கிழித்துப் போட்டுவிட்டு, தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் உள்ளே வரவேண்டும். கிருஷ்ணப்பனுடைய மனைவி தங்கம்மாளின் தாய்மாமன் அரூரில் பத்து நாளாக இழுத்துக்கொண்டு கிடந்தார். அதுவாகத்தான் இருக்கும் என்று அவர் முடிவு செய்தார். ஒரு தீட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது இன்னொரு சாவுச் செய்தியைக் கையில் வாங்கினால், நாள் கணக்கு திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்கும். பதினாறுக்கு ஏழு ஊருக்குச் சொல்லியாகிவிட்டது.

“பதினாறு முடியட்டும் பச்சியப்பா. அப்புறமா கொண்டா.”

“இது நம்ம பக்கத்துக் கடுதாசியாத் தெரியலீங்க. ஸ்டாம்பே வேற மாதிரி இருக்குது.”

“எதுவா இருந்தாலும் அஞ்சு நாளுல ஒண்ணும் கெட்டுப் போயிடாது.”

தீர்த்தம்மாள் கதவோரம் வந்து நின்றிருந்தாள். “மாமா, அதை வாங்கிப் பாத்துடுங்க” என்றாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தபால்காரர் தயங்கி நிற்பதைப் பார்த்து, இன்னும் கொஞ்சம் சத்தமாக அதையே சொன்னாள். முறை தெரியாமல் பேசாதே என்று அவர் அவளை உள்ளே போகச் சொன்னார். பச்சியப்பன் உறையைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார். மேஸ்திரி சொல்லுக்கு அந்தப் பக்கத்தில் அவ்வளவு மரியாதை.

பதினாறாம் நாள் விடியற்காலையில், ஊர்ப் பெண்கள் சுற்றி நிற்க, தீர்த்தம்மாளின் தாலியை எடுத்தார்கள். பதினேழாம் நாள் பச்சியப்பன் சொன்னபடி வந்தார். உறைமேல் விலாசம் இங்கிலீஷில் இருந்தது. உள்ளே தமிழ். நைரோபி என்ற ஊரின் ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் ஒரு தமிழ்க் கம்பவுண்டர், சென்றாயன் சொல்லச்சொல்ல எழுதியது. கடலில் கிடந்த என்னை வேறொரு கப்பல் எடுத்து மொம்பாசாவில் இறக்கிவிட்டது, கால் எலும்பு முறிந்து, காய்ச்சலில் பல மாதம் சுயநினைவு சரியில்லாமல் கிடந்தேன், இப்போது எழுந்து நடக்கிறேன், கவலைப்பட வேண்டாம், தீர்த்தாவுக்குச் சொல்லவும் என்று இருந்தது. யுத்தகாலமானதால் சர்க்கார் ஆட்கள் உறையை வெட்டிப் பார்த்துத் திரும்ப ஒட்டியிருந்தார்கள். வெட்டியதில் மூலை போயிருந்தது. அவ்வளவுதான்.

கிருஷ்ணப்பன் வாசலுக்கு வெளியே நின்று அதை மூன்று தடவை படித்தார். பிறகு ஊருக்குச் சொன்னார். நேற்றுவரை வராத கடிதம் இன்றைக்கு வந்தது, என்ன செய்வது, நம் காலம் அப்படி என்று சொன்னார். ஊர் நம்பியது. பச்சியப்பன் வாயைத் திறக்கவில்லை. தீர்த்தம்மாளும் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்குச் சாயங்காலமே அடிவாரத்து ஊருக்கு, தன் தாய்வீட்டுக்கு நடந்து போய்விட்டாள்.

அதற்குப் பிறகு மூன்றரை வருஷம் அவள் எதிலும் சேராத ஆளாக இருந்தாள். புருஷன் இருக்கிறான் என்பதால் யாரும் அவளை விதவை என்று சொல்லவில்லை. எடுத்த தாலியைக் கட்டியவன்தான் திரும்பக் கட்டவேண்டும் என்பதால் கழுத்திலும் ஒன்றும் இல்லை. கல்யாண வீடுகளில் அவளை எந்த வரிசையில் உட்காரவைப்பது என்று தெரியாமல் பெண்கள் விழித்தார்கள். கடைசியில் அவளே போவதை நிறுத்திவிட்டாள். பொம்மிடிச் சந்தையில் சில நேரம் கிருஷ்ணப்பன் அவளைத் தூரத்தில் பார்ப்பார். முந்தானையைக் கழுத்தைச் சுற்றி இறுக்கி விட்டிருப்பாள். அவர் வேறு பக்கமாகத் திரும்பிக்கொள்வார்.

தம்பிக்குக் கடிதங்கள் எழுதினார். எல்லோரும் சௌக்கியம் என்று எழுதினார். கருமாதி நடந்ததைப் பற்றி ஒரு வரி இல்லை. தீர்த்தா கைநாட்டாவது வைத்து அனுப்பட்டும் என்று அவன் எழுதினான். தாய்வீட்டுக்குக் கடிதத்தைக் கொண்டுபோனபோது அவள் கையை நீட்டவில்லை. கிருஷ்ணப்பன் வீட்டுக்கு வந்து, விளக்குக் கரியைத் தடவி, தங்கம்மாளின் கட்டைவிரலை வாங்கிக் கடிதத்தின் அடியில் வைத்து அனுப்பினார். இரண்டு தடவை அப்படிச் செய்தார்.

சண்டை முடிந்தது. கப்பல் ஓட ஆரம்பித்ததும் ஊருக்கு வருகிறேன் என்று சென்றாயன் எழுதினான். அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு கிருஷ்ணப்பன் அடிவாரத்துக்குப் போனார். அவள் அம்மி முன்னால் உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை.

“அவரு பொம்மிடியில எறங்கினா, எதிர்ல வர்ற மொதல் ஆளு சொல்லிடுவான், உனக்குக் கருமாதி ஆயிடுச்சுன்னு. அப்படி அவரு கேக்கக் கூடாது. நீங்க போய்ச் சொல்லணும். நடந்தது நடந்தபடி.”

எழுதிவிடுகிறேன் என்றார் அவர்.

“கடுதாசி வேணாமின்னு சொன்னவருதானே நீங்க? இப்ப மட்டும் எதுக்குக் கடுதாசி? அவரு மொகத்தப் பாத்துச் சொல்லிட்டு வாங்க, மாமா. அப்புறம் வர்றதா வேணாமான்னு அவரு நெனச்சுக்கட்டும்.”

அவர் எழுந்து வந்துவிட்டார். ஒரு மாதம் தூக்கமில்லாமல் கிடந்தார். பிறகு பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பம் எழுதச் சொல்லி ஸ்டேஷன் மாஸ்டரிடம் போய் நின்றார். காகிதங்கள் வந்துசேர ஏழு மாதம் ஆயிற்று. நாற்பத்தாறாம் வருஷம் ஆனியில் சம்பளமில்லா விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டுக் கிளம்பினார். மேஸ்திரி ஆப்பிரிக்கா போகிறார் என்று ஸ்டேஷனுக்கு ஒரு கூட்டமே வந்து மாலை போட்டது. கழுத்தில் விழுந்த மாலையை அவர் வண்டி நகரும்வரை கழற்றவில்லை, நகர்ந்ததும் கழற்றிவிட்டார்.

பம்பாயில் கப்பலுக்காக மூன்று வாரம் காத்திருந்தார். அங்கிருந்து மொம்பாசா பதினோரு நாள். மழைக்காலக் கடல். மேல்தளத்தில் பாய்விரித்துப் படுத்திருந்தவர்கள் எல்லோரும் வாந்தியெடுத்தார்கள். கிருஷ்ணப்பன் படுத்தபடியே, தம்பியிடம் எப்படி ஆரம்பிப்பது என்று வாக்கியம் வாக்கியமாகச் சேர்த்துப் பார்த்தார். எந்த வாக்கியமும் நிற்கவில்லை.

மொம்பாசாவில் சாயங்காலம் ரயில் ஏறினார். விடிந்தபோது ஜன்னலுக்கு வெளியே மரமில்லாத பெரிய புல்வெளி. அதில் வரிக்குதிரைகளும் மான்களும் மந்தை மந்தையாக மேய்ந்துகொண்டிருந்தன. தூரத்தில் ஒட்டகச்சிவிங்கி ஒன்று கழுத்தைத் தூக்கி ரயிலைப் பார்த்தது. அவ்வளவு உருப்படிகளை மேய்க்கிறவன் எங்கே இருக்கிறான் என்று அவர் ஜன்னலில் தலையை நீட்டித் தேடினார். நைரோபி ஸ்டேஷனில் தம்பியிடம் அதைத்தான் முதலில் கேட்டார். அவன் பிளாட்பாரமே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தான்.

சென்றாயன் வலது காலை இழுத்து நடந்தான். தலையில் அங்கங்கே நரை. முப்பத்தோரு வயதுதான். சிரித்து முடித்ததும் குனிந்து அண்ணன் காலைத் தொட்டான். கிருஷ்ணப்பன் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார். கப்பல் ஆட்டம் இன்னும் உடம்பில் இருக்கிறது என்று எதையோ சொல்லிச் சமாளித்தார்.

நைரோபி அவர் நினைத்த மாதிரி இல்லை. மண் தருமபுரிப் பக்கத்து மண்போலச் சிவப்பு. ஆவணி பிறக்கப்போகிற நேரத்தில் மார்கழிக் குளிர். பஜார் தெரு முழுக்க குஜராத்திகளும் பஞ்சாபிகளும் கடை வைத்திருந்தார்கள். தகரக் கூரைகளுக்குப் பக்கத்திலேயே கல் கட்டடங்கள். சென்றாயன் வேலை செய்த கடை ஒரு சேட்டுடையது. வேட்டைக்கும் காடு பார்க்கவும் வருகிற வெள்ளைக்காரர்களுக்குக் கூடாரம், மடக்குக் கட்டில், தண்ணீர்ப் பை எல்லாம் அங்கே தைத்துக் கொடுப்பார்கள். சண்டைக் காலத்தில் பட்டாளத்துக்குத் தைத்தவர்கள் இப்போது திரும்பவும் துரைமார்களுக்குத் தைத்தார்கள். அமெரிக்காவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வருகிறவர்கள் நைரோபியில் இறங்கி, சாமான் சேர்த்து, இங்கிருந்துதான் காட்டுக்குள் போகவேண்டும். காலை நேரத்தில் பெரிய ஹோட்டல் வாசலில் லாரிகள் வரிசையாக நிற்கும். பெட்டி பெட்டியாக ஏறும். சுமக்கிறவர்கள் எல்லோரும் அந்த ஊர்க் கறுப்பு ஆட்கள். தொப்பி வைத்த துரை ஒருவர் பக்கத்தில் நின்று பட்டியலில் கோடு கிழிப்பார்.

சேட் கிருஷ்ணப்பனைப் பார்த்ததும் இந்தியோடு சென்றாயனிடம் பழகிய தமிழும் கலந்து, காய்ச்சலில் திரும்ப முதலிலிருந்து தட்டிய அண்ணன் இவர்தானா என்று கேட்டார். கடையில் இருந்த நாலு தையல்காரர்களும் எட்டிப் பார்த்தார்கள். பக்கத்துக் கடைக்காரருக்கும் கதை தெரிந்திருந்தது. இத்தனை வருஷமாகத் தம்பி இந்த ஊரில் தன்னைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்திருக்கிறான் என்று அவருக்குப் புரிந்தது. வேறு எந்த நாளாக இருந்தாலும் அவருக்கு அது மாலை போட்டதுபோல இருந்திருக்கும். இப்போது நிற்க இடம் தெரியாமல் நின்றார்.

முதல் நாள் அலுப்பு என்று சொல்லிக்கொண்டார். இரண்டாம் நாள் சென்றாயன் அவரை ஊர் சுற்றிக் காட்டினான். ரயிலடிக்குப் போய், இந்த ஊர்த் தண்டவாளம் நம்முடையதைவிட இரண்டடிக்குமேல் அகலம் குறைவு என்று குடைக்கம்பியால் அளந்து காட்டினார் அவர். சிங்கத்தோல் தொங்கிய கடையைப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, தமிழ்க் கம்பவுண்டர் வீட்டில் சாப்பாடு. அந்த மனிதர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, நான் எழுதின முதல் கடிதம் எத்தனை நாளில் கிடைத்தது என்று கேட்டார். சரியாக நினைவில்லை என்றார் கிருஷ்ணப்பன். வாழ்நாளில் அவர் அப்படி ஒரு பதிலை யாருக்கும் சொன்னதில்லை.

நான்காம் நாள் சென்றாயன் களி கிண்டினான். அந்த நாட்டிலும் கேழ்வரகு விளைகிறது, விம்பி என்று பெயர். கருவாட்டுக் குழம்போடு தட்டில் உருண்டையை வைத்தான்.

“எப்படிங்கண்ணா இருக்குது? நம்ம வூட்டுக் களி மாதிரி இருக்குதா?”

“மாவு கொஞ்சம் கரகரப்பு. நல்லாத்தான் இருக்குது.”

“தீர்த்தா கிண்டினா இன்னும் நல்லா இருக்கும். இங்க வந்தா அவளே அரைச்சுக்கட்டும்.”

அவளை இங்கேயே கூட்டிவந்துவிட நினைத்திருப்பதாகச் சொன்னான். ஏன் ஒரு வரிகூடச் சொல்லி அனுப்பமாட்டேன் என்கிறாள், கோபமா என்று கேட்டான். பதிலுக்குக் காத்திருக்காமல் எழுந்துபோய்த் தகரப் பெட்டியைத் திறந்தான். ஒரு நீலச் சேலை, ஒரு கண்ணாடி, அடியில் எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிய இரண்டு கடிதங்கள். கரி அழிந்துவிடக் கூடாது என்று கைநாட்டின் மேல் மெல்லிய தாளை வைத்து, நான்கு பக்கமும் நுணுக்கமாகத் தைத்திருந்தான். பாருங்கண்ணா என்று நீட்டினான். கிருஷ்ணப்பன் கை கழுவவேண்டும் என்று எழுந்துவிட்டார். வெளியே குழாயடியில் நெடுநேரம் நின்றார். நாளைக்குச் சொல்லாவிட்டால் இனி ஒரு நாளும் சொல்லப்போவதில்லை என்று அவருக்குத் தெரிந்தது.

மறுநாள் புதுக் கூடாரம் ஒன்றைச் சோதித்துப் பார்க்க வேண்டியிருந்தது. அமெரிக்கத் துரை ஒருவருக்குப் போகிற கூடாரம். ஊர் முடிகிற இடத்தில் புல்வெளி ஆரம்பிக்கும். லாரிக்காரன் அவர்களையும் நான்கு பீப்பாய்த் தண்ணீரையும் இறக்கிவிட்டு, இரண்டு மணி நேரத்தில் வருகிறேன் என்று போனான். புதுத் துணியை ஒரு தரம் நன்றாக நனைத்தால்தான் நூல் உப்பி, ஊசித் துளைகள் அடைபடும். ஒருவர் வெளியே தண்ணீர் ஊற்ற, ஒருவர் உள்ளே நின்று எங்கே கசிகிறது என்று பார்க்கவேண்டும். விரலால் மட்டும் துணியைத் தொட்டுவிடக் கூடாது, தொட்ட இடம் ஒழுக ஆரம்பித்துவிடும் என்று சென்றாயன் சொன்னான். கிருஷ்ணப்பன் முளைகளை அடித்தார். ஒன்றுக்கொன்று ஒரே இடைவெளி. தம்பி அதைப் பார்த்துத் தலையை ஆட்டிச் சிரித்தான்.

அவர் உள்ளே போனார். பச்சை நிழல். மேலே தண்ணீர் விழும் சத்தம். தம்பியின் உருவம் துணிமேல் நிழலாகப் போய் வந்தது. முகம் தெரியவில்லை. அந்தத் தைரியத்தில் பேச ஆரம்பித்தார்.

“சென்றாயா. நீ செத்துப்போயிட்டேன்னு நெனச்சு, நான் உனக்குக் கருமாதி பண்ணிட்டேன்டா.”

தண்ணீர் நின்றது.

அவர் நிறுத்தவில்லை. வைக்கோல் ஆள், கொள்ளி, பதினோராம் நாள், பச்சியப்பன், மூலையில்லாத உறை என்று வரிசையாகச் சொன்னார். வாங்கச் சொன்னது தீர்த்தம்மாள், வேண்டாம் என்றது நான், ஐந்து நாள் கழித்து அவள் தாலியை எடுத்தோம் என்று சொன்னார். சொல்லி முடித்தார். நிழல் அசையவில்லை. முகத்தைப் பார்த்துச் சொல் என்றுதானே அவள் அனுப்பினாள், துணிக்குப் பின்னால் நின்று சொன்னது எந்தக் கணக்கில் சேரும் என்று அவருக்குத் தோன்றியது. குனிந்து வெளியே வந்தார். தம்பி வாளியைப் பிடித்தபடி நின்றிருந்தான். அவன் கண்ணைப் பார்த்து, முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி சொன்னார்.

“எத்தனை தரம் சொன்னா அவ?”

“ரெண்டு தரம். மொதல்ல மெதுவாச் சொன்னா. அப்புறம் சத்தமாச் சொன்னா. நான் அவளை உள்ள போன்னு சொல்லிட்டேன்.”

“நீங்க அவ்வளவு தூரத்துல இருந்து மூலையத்தான் பாத்தீங்களா? கிட்ட வந்து விலாசத்தைக்கூடப் பாக்கலியா?”

“பாக்கல.”

“அந்தக் கைநாட்டு?”

“உங்க அண்ணி கை. வெச்சது நான்.”

சென்றாயன் வாளியைக் கீழே வைத்தான். காலை இழுத்துக்கொண்டு புல்வெளிக்குள் நடந்தான். ஒரு நூறு தப்படி தூரத்தில் வரிக்குதிரைகள் நின்று அவனைப் பார்த்தன. அவன் நின்றதும் திரும்ப மேயத் தொடங்கின. கிருஷ்ணப்பன் கூடாரத்துக்குப் பக்கத்திலேயே நின்றார். உட்காரவில்லை. முதுகை மட்டும்தான் அவரால் பார்க்க முடிந்தது. ஐந்து வயதில் அடி வாங்கிவிட்டு இப்படித்தான் திரும்பி நிற்பான். அப்போது அவர் போய்த் தூக்கிக்கொள்வார். இப்போது அவருக்கு அந்த உரிமை இல்லை.

லாரிச் சத்தம் கேட்டதும் அவன் வந்தான். முளைகளைப் பிடுங்கினான். ஈரத் துணியை இருவரும் சேர்ந்து மடித்தார்கள். அண்ணனை முன் சீட்டில் உட்காரவைத்துவிட்டு, அவன் பின்னால் துணி மூட்டையோடு ஏறிக்கொண்டான்.

அதற்குப் பிறகு நான்கு நாள். சாப்பிடுங்க, வெந்நீர் இருக்குது, ரயில் எத்தனை மணிக்கு என்பதற்குமேல் பேச்சு இல்லை. கடையில் யாரிடமும் அவன் எதுவும் சொல்லவில்லை. சேட் வழக்கம்போல அண்ணனைப் பற்றிப் பெருமை பேசியபோது, தலையைத் தூக்காமல் ஊசியை ஓட்டிக்கொண்டிருந்தான். அவன் திட்டியிருந்தால்கூடக் கிருஷ்ணப்பனுக்கு அவ்வளவு சுட்டிருக்காது. கைநாட்டுக் கடிதங்களை அவன் என்ன செய்தான் என்று அவர் பார்க்கவில்லை. கேட்கவும் இல்லை.

கிளம்புகிற அன்று ஸ்டேஷனில், வண்டி நகர்வதற்குக் கொஞ்சம் முன்னால்தான் சென்றாயன் வாயைத் திறந்தான். அவளிடம் இதை அப்படியே சொல்லவேண்டும் என்றான்.

“தை மாசம் வரேன்னு சொல்லுங்க. பொம்மிடியில எறங்கி நேரா அவங்கம்மா வூட்டுக்குத்தான் வருவேன், நம்ம வூட்டுக்கு இல்லே. தாலிய அவளே பாத்துச் செஞ்சு வெக்கட்டும். எடுத்துக் குடுக்க அவளோட தாய்மாமன் இருக்கட்டும். அண்ணன் எடுத்துக் குடுக்க வேணாம். அந்தப் பந்தலுக்குள்ள அண்ணன் வரவும் வேணாம்.”

கிருஷ்ணப்பன் சரி என்றார். வண்டி நகர்ந்தது. அவன் கையை ஆட்டவில்லை, ஆனால் வண்டியோடு கொஞ்ச தூரம் நொண்டிக்கொண்டே நடந்து வந்தான்.

திரும்புகிற கடல் அமைதியாக இருந்தது. யோசிக்க நிறைய நேரம். அந்த வட்டாரத்தில் நடந்த எந்தக் கல்யாணத்திலும் தாலித் தட்டின் பக்கத்தில் நிற்கிறவர் கிருஷ்ணப்பன். தம்பி கல்யாணத்தில் பந்தலுக்குள்ளேயே இல்லை என்றால் ஊர் காரணம் கேட்கும். கடைசி இரண்டு வாக்கியத்தை மட்டும் விட்டுவிட்டால்? தாய்மாமன் எடுத்துக் கொடுக்கட்டும் என்பதோடு நிறுத்திக்கொண்டால், பந்தல் ஓரமாகவாவது நின்றுகொள்ளலாம். அத்தனை பேர் நடுவில் தம்பி வெளியே போ என்று சொல்லமாட்டான். வளர்த்தவன்மேல் அந்த இரக்கம் அவனுக்கு இருக்கும். இதை அவர் ஏழாம் நாள் யோசித்தார். எட்டாம் நாள், அந்த இரக்கத்தை எதிர்பார்க்கிற தன்மேல் வெட்கப்பட்டார். ஒன்பதாம் நாள் திரும்பவும் அதையே யோசித்தார்.

புரட்டாசியில் ஒரு காலை பொம்மிடியில் இறங்கினார். ஸ்டேஷனில் ஆட்கள் சூழ்ந்துகொண்டு சிங்கம் பார்த்தீர்களா, யானை பார்த்தீர்களா என்று கேட்டார்கள். பெட்டியை அவர்களிடம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு, தங்கம்மாளைக்கூடப் பார்க்காமல், அடிவாரத்துக்கு நடந்தார். வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேர்ந்தார். தீர்த்தம்மாள் கேழ்வரகுக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் நிமிர்ந்தாள். முந்தானையை இழுத்துக் கழுத்தைச் சுற்றிக்கொண்டாள்.

“சொன்னீங்களா?”

“சொன்னேன். கைநாட்டையும் சொன்னேன்.”

“என்ன சொன்னாரு?”

வரப்பில் நின்றபடியே கிருஷ்ணப்பன் சொன்னார். தை மாதம், தாய்வீடு, தாலி, தாய்மாமன். அங்கே ஒரு கணம் நிறுத்தினார். அவள் கேட்டுக்கொண்டு நின்றாள், அதற்குமேல் ஒன்று இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியாது. அவர் சொல்லாமல் விட்டிருக்கலாம். “அண்ணன் எடுத்துக் குடுக்க வேணாம்” என்றார். “அந்தப் பந்தலுக்குள்ள அண்ணன் வரவும் வேணாம். இவ்வளவுதான் சொல்லச் சொன்னான்.”

அவள் கையிலிருந்த களைக் கற்றையின் வேர் மண்ணைத் தட்டி உதறினாள். அவள் அழுதாளா என்று பார்க்க அவருக்குத் துணிவில்லை.

“சரிங்க மாமா. அவரு சொன்னபடியே நடக்கட்டும்.”

பிறகு குனிந்து, விட்ட இடத்திலிருந்து களை எடுக்க ஆரம்பித்தாள். போகலாமா, நிற்கவேண்டுமா என்று கிருஷ்ணப்பனுக்குத் தெரியவில்லை. அவள் அந்த வரிசையை முடித்து அடுத்த வரிசைக்குத் திரும்பும்வரை வெயிலில் அப்படியே நின்றுகொண்டிருந்தார்.